துண்டுக்கு அடியில் வாடகை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் கிளம்பும், பின்னாலேயே நான் கிளம்புவேன். என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஆனால் அன்றைக்கு எங்கள் ஷெட்டின் சொந்தக்காரர் வந்து மூட்டை மேல் உட்கார்ந்து, "வாடகைய ஏத்தணும்மா" என்று சொல்லிவிட்டு, எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்றபோது எனக்குச் சத்தமே வரவில்லை. தொகை தெரியாமல் எந்த அளவுக்குக் கத்துவது?

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் ஊர் முடிகிற இடத்தில் எங்கள் மிளகாய் மில் இருக்கிறது. மில் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், கான்கிரீட்டில் போல்ட் போட்டு இறுக்கிய அரைக்கிற மிஷின், சலிக்கிற மிஷின், ஒரு தராசு, காற்றைத் தராமல் சத்தத்தை மட்டும் தருகிற ஒரு ஃபேன். காம்பு கிள்ள ஒரு பெண், சலிக்க ஒரு பெண், அரைக்க நான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் வீட்டில் குழம்பு வைத்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று மில் வைக்கப் போகிறேன் என்று சொன்னவள் நான். உறவுக்காரர்கள் எல்லாம் ஆறு மாதம் கெடு வைத்தார்கள். எட்டு வருஷம் ஓடிவிட்டது. வாடகை மாதம் பன்னிரண்டாயிரம்.

மிளகாய் மில்லுக்கு வாடகைக்கு இடம் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். நான் அட்வான்ஸ் பேசப் போன இடத்திலெல்லாம் மிளகாய் மண்டிக்குப் போய்வந்த என் புடவையிலிருந்து கிளம்பிய நெடியில் சொந்தக்காரருக்குத் தும்மல் வந்துவிடும். அட்வான்ஸ் பேசும்போது ஒற்றைத் தும்மல் வந்தால் யார் இடம் கொடுப்பார்கள்? ஒருவர் தும்மிவிட்டு, பரவாயில்லை, இன்னொன்று வந்தால் தோஷம் இல்லை என்று மூக்கைத் தூக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் காத்திருந்தார். நானும் முந்தானையை உதறி உதவி செய்தேன். வரவில்லை. அனுப்பிவிட்டார்.

எங்கள் ஷெட்டின் சொந்தக்காரர் மட்டும்தான் தும்மாதவர். ஐம்பது வருஷமாக மூக்குப்பொடி போட்டு அவர் மூக்கு செத்துப்போயிருந்தது. குண்டூர் மிளகாயை நேருக்கு நேர் மோந்து பார்த்துவிட்டு, "வாசனையே இல்லியேம்மா, பழைய சரக்கா?" என்று கேட்ட மனுஷர் அவர். செஞ்சி முழுக்கத் தேடினாலும் எனக்கு இடம் கொடுக்கக்கூடிய மூக்கு அந்த ஒன்றுதான். ஆகவே இந்த ஷெட்டை விட்டால் மில்லையே விட்டுவிட வேண்டியதுதான். மிஷினைப் பெயர்த்து இரும்புக்குப் போட்டுவிட்டு மறுபடி வீட்டில் குழம்பு வைக்கலாம்.

அவர் மாட்டுத் தரகராக இருந்தவர். அவலூர்பேட்டை சந்தையில் நாற்பது வருஷம் மாடு பேசியவர். முதலில் என்னிடம் வாடகை பேசியது அவருடைய மனைவி. அந்த அம்மா வாயால் பேசுகிறவர், அதனால் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இப்போது அந்த அம்மா பெங்களூரில் மகள் வீட்டுக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போய்விட்டதால் வாடகை இலாகா இவர் கைக்கு வந்தது. வந்த நேரத்தில் பக்கத்து ஷெட்டை ஒரு பார்சல் கம்பெனி இரண்டு மடங்கு வாடகைக்கு எடுத்துவிட்டது. டீக்கடையில் நாலு பேர் அதைச் சொல்லிச் சொல்லி இவரை உசுப்பேற்றிவிட்டிருந்தார்கள்.

"எவ்ளோன்னு சொல்லுங்க நைனா" என்றேன். அந்த வயதுக்காரரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"வெலைய வாயால சொல்லக் கூடாதும்மா. கண்ணு பட்டுடும். நாப்பது வருசத்துல நான் ஒரு வெலையும் வாயால சொன்னதில்ல."

"அப்போ எப்டி தெரிஞ்சிக்கிறது?"

அவர் தோளில் கிடந்த துண்டைத் தொட்டுக் காட்டினார். சந்தையில் மாட்டு விலையைத் துண்டுக்கு அடியில்தான் பேசுவார்கள். இரண்டு பேரும் கையைத் துண்டுக்குள் விட வேண்டும். விலை சொல்கிறவர் மற்றவருடைய விரலைப் பிடிப்பார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைப் பிடித்தால் மூன்று, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. ஐந்துக்கு மேல் போக வேண்டுமானால் விட்டு மறுபடி பிடிக்க வேண்டும், முன்னதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஒத்துவந்தால் கையைத் தட்டி முடிப்பார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் தொகை இரண்டு பேருக்குத்தான் தெரியும். தட்டிய பிறகு பேச்சு மாறக் கூடாது.

"சரி, போடுங்க துண்ட" என்று கையை நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு ஃபேனைப் பார்த்தார். "பொம்பள கையப் புடிச்சி வெல பேசுறதா? ஊரு இன்னா சொல்லும்? வாத்தியார அனுப்பு."

வாத்தியார் என்பது என் கணவர். பக்கத்து கிராமத்தில் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கணக்கில் புலி. பேரத்தில் அவரைப் போல ஒரு பிறவி கிடையாது. பஜாரில் ஒருமுறை கத்திரிக்காய்க்காரி நாற்பது என்று சொன்னதற்கு, அவளுடைய வண்டி வாடகை, அழுகல், வெயிலில் நிற்கிற நேரம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, உனக்குக் கட்டுப்படி ஆகாதே என்று ஐம்பது கொடுத்துவிட்டு வந்தவர். என் எட்டு வருஷ மில் அந்தக் கையில் போய் நிற்கிறதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

அவரை அனுப்புவதற்கு முன்னால் வேறு இடம் கிடைக்குமா என்று மூன்று நாள் சுற்றினேன். நல்ல ஷெட் ஒன்று இருந்தது. ஆனால் ஒட்டினாற்போல் கல்யாண மண்டபம். அதன் சொந்தக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். "முகூர்த்த நேரத்துல பொண்ணு, மாப்ள, ஐயரு, நாயனக்காரரு எல்லாம் தும்மிக்கினு நின்னா நான் ஊர்ல இருக்க முடியாதும்மா." எனக்குக்கூட அந்தக் காட்சியை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வெளியே வந்து, ஸ்கூட்டியில் ஏறும்போது அழுகை வந்துவிட்டது.

ஆகவே கணவருக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுத்தேன். குளியல் துண்டைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்தோம். நான் தரகர், அவர் நான். முதல் பிடியிலேயே அவர் நெளிந்து சிரித்தார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகுதான் என் புருஷனுக்கு உள்ளங்கையில் கூச்சம் என்று தெரிந்துகொண்டேன்.

"சிரிக்காதீங்க. மானம் போவும்."

"நான் சிரிக்கல. அதுவா வருது."

"நாலாயிரத்துக்கு மேல ஏறாதீங்க. மேல போனா கைய உருவிக்கிட்டு வந்துடுங்க. புரிஞ்சுதா?"

"நாலு என்பது அதிகபட்ச மதிப்பு" என்று தலையாட்டினார். வகுப்பில் எழுதிப் போடுவது போலவே சொன்னார்.

பேச்சுவார்த்தை ஷெட்டிலேயே நடந்தது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. பெரியவர் புதுத் துண்டு கொண்டுவந்திருந்தார். எத்தனை ஆயிரம் ஏற்றுவது என்பதைத்தான் பேசுகிறோம் என்பதை மட்டும் வாயால் சொல்லிக்கொண்டார்கள். மிஷினை நிறுத்தச் சொன்னேன். காம்பு கிள்ளுகிற பெண்ணும் சலிக்கிற பெண்ணும் கூப்பிடாமலே வந்து நின்றார்கள். துண்டு விரிந்தது, இரண்டு கைகளும் உள்ளே போயின.

அடுத்த நொடியே என் கணவர் களுக்கென்று சிரித்தார்.

"இன்னா வாத்தியாரே?" என்று பெரியவர் முறைத்தார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க புடிங்க."

துண்டு ஒருமுறை அசைந்தது. கணவர் முகத்தில் ஆச்சரியம். மறுபடி அசைந்தது. முகத்தில் சந்தோஷம். மூன்றாம் முறை அசைந்தபோது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வேகமாகத் தலையாட்டினார். பெரியவரே கொஞ்சம் திகைத்துப்போனார். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்ட ஆளை அவர் சந்தையில் பார்த்திருக்க மாட்டார். கையைத் தட்டி முடித்தார்கள்.

அவர் போனதும் கணவரைப் பிடித்துக்கொண்டேன். "எவ்ளோ?"

"மூணு! வெறும் மூணு! அஞ்சத் தாண்டுறதா இருந்தா முதல்ல அஞ்சுதானே புடிக்கணும்? நான் ஒத்துக்க மாட்டேனோன்னு பயந்துட்டாரு போல, மூணு மூணு மூணுன்னு மூணு தடவ அதையே சொன்னாரு."

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அந்த மனுஷனைப் பற்றி நினைத்ததையெல்லாம் மனசுக்குள் திரும்ப வாங்கிக்கொண்டேன். கேசரி கிளறி மில்லுக்குக் கொண்டுபோனேன். வேலை செய்கிற இருவருக்கும் கூலியை ஏற்றித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கோட்டை பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வந்த காலேஜ் பையன்களுக்கும் ஆளுக்கொரு கரண்டி கேசரி கொடுத்தேன். தும்மிக்கொண்டே சாப்பிட்டார்கள்.

ஒன்றாம் தேதி பெரியவர் வந்தார். ஸ்கூலுக்குப் போகிற வழியில் மில்லுக்கு வந்திருந்த கணவர்தான் தன் கையால் பதினைந்தாயிரத்தை எடுத்துக் கொடுத்தார். பெரியவர் எண்ணி முடித்து, கையை நீட்டியபடியே இருந்தார்.

"மீதி?"

"இன்னா மீதி?"

"அஞ்சு, அஞ்சு, அஞ்சு. பதினஞ்சு ஏத்தறேன்னு சொன்னேன், சிரிச்சிக்கினே தட்டினியே வாத்தியாரே. பன்னண்டும் பதினஞ்சும் இருவத்தேழு."

இருபத்தேழாயிரம் கொடுத்தால் மில்லில் நான் மிளகாய்க்குப் பதில் நகையைத்தான் அரைக்க வேண்டும். கணவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் கணக்கு என்று வந்தால் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"நீங்க அஞ்சு விரலப் புடிக்கலிங்க. மூணுதான் புடிச்சீங்க. மூணு தடவயும் மூணு. சத்தியமா."

"நாப்பது வருசம் சந்தையில நின்னவன். எனக்கு அஞ்சும் மூணும் தெரியாதா?"

"எனக்கும் எண்ணத் தெரியும். மூணு, மூணு, மூணு." இந்த இடத்தில் கணவர் ஒரு கணம் நின்று யோசித்தார். அவர் முகத்தில் ஒரு நியாயம் உதயமாவதைப் பார்த்துப் பதறிவிட்டேன். "கூட்டிப் பார்த்தா ஒம்பது வருது. ஒருவேள ஒம்பதுன்னு நீங்க சொல்லியிருந்தா, அது கூட..." நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன். மீதி நியாயம் உள்ளேயே போய்விட்டது.

பெரியவர் பதினைந்தாயிரத்தை அப்படியே தராசு மேல் வைத்தார். "என் வெரலு பொய் சொல்லுச்சின்னு இதுவரிக்கும் ஒருத்தன் சொன்னதில்ல. இருவத்தேழக் குடுங்க, இல்லன்னா ஷெட்டக் காலி பண்ணுங்க." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் எங்கள் வீட்டில் நடந்ததை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை. நான் கத்தினேன். சிரித்தபடி எண்ணினால் எப்படி எண்ண வரும் என்று கேட்டேன். இருபது வருஷமாக ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து என்ன பிரயோஜனம் என்று கேட்டேன். அவர் "மூணுதான்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதும் மூணுதான், கை கழுவும்போதும் மூணுதான். நான் அவரை நம்பவில்லை. பெரியவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது ஊருக்கே தெரியும். அப்படியென்றால் தப்பு இந்தப் பக்கம்தானே?

மூன்று நாள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். கை தட்டிய பேரத்தை முறிக்க ஒரே ஒரு வழி உண்டு என்று பெரியவரே பொடி போட்டபடி பலமுறை சொல்லியிருக்கிறார். மாட்டின் மயிரில் ஏதாவது கெட்ட சுழியோ, உடம்பில் குறையோ இருந்து, விற்றவன் அதைச் சொல்லாமல் மறைத்திருந்தால், எட்டு நாளைக்குள் மாட்டைத் திருப்பிக் கட்டலாம். தான் பேசிவிட்ட மாடு ஒன்றுகூட அப்படித் திரும்பி வந்ததில்லை என்பது அவருடைய பெரிய பெருமை. கை தட்டியதிலிருந்து எட்டாவது நாள் காலையில் அவர் வீட்டுக்குப் போனேன்.

"நைனா, நீங்க பேசிவிட்ட மாட்டுல சுழி இருக்குது" என்றேன்.

பெரியவர் கையில் இருந்த பொடி மட்டை கீழே விழுந்தது. "எந்த மாடு?"

"திருவண்ணாமலை ரோட்டு மாடு. தகரக் கூர போட்டது."

வேறு யாராக இருந்தாலும் என்னைத் துரத்தியிருப்பார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்துவிட்டார்.

எங்கள் ஷெட்டை ஒரு மாட்டைப் பார்ப்பது போல ஒருவர் பார்த்ததை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். முதலில் கிட்டே போகாமல் பத்தடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்து, நிற்கிற நிலையைப் பார்த்தார். பிறகு வலம் வந்தார். பக்கச் சுவரைத் தட்டிக்கொடுத்தார். பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து இடது மூலைத் தூணைத் தடவினார்.

"பின்னங்காலு எறங்கியிருக்குது."

"எறங்கி மூணு வருசமாச்சி" என்றேன்.

முன்னால் வந்து ஷட்டரைத் தூக்கினார். பாதியில் மாட்டிக்கொண்டது. குனிந்து உள்ளே பார்த்தார். "வாயும் சரியா தொறக்கல." பிறகு ஏணி கேட்டார். வேண்டாம் நைனா என்றேன். விறுவிறுவென்று ஏறிக் கூரைக்கடியில் தலையை விட்டார். அங்கே ஒரு பெரிய ஓட்டை உண்டு. மழைக்கு அதன் கீழே நாங்கள் குண்டா வைப்போம். வெயில் அதன் வழியாக வந்து அவர் நெற்றியில் வட்டமாக விழுந்தது. ஓட்டையின் விளிம்பைச் சுற்றித் தடவிப் பார்த்தார்.

"உச்சந்தலையில சுழி" என்றார் கடைசியில். "பெருஞ்சுழி."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். சலிக்கிற பெண் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டாள். ஆனால் இறங்கி வந்த பெரியவர் முகத்தில் விளையாட்டே இல்லை. உண்மையாகவே மனசு உடைந்துபோயிருந்தார்.

"நான் பாக்காம பேசிட்டேம்மா. என் மேல தப்பு. பேச்சு முறிஞ்சிது. புதுசா பேசிக்கலாம். வாத்தியாரு வரட்டும்."

"வாத்தியாரு ஸ்கூலுக்குப் போயிட்டாரு. இனிமே உங்க கையத் தொடவே மாட்டாராம். எட்டு நாளு இன்னையோட முடியுது. என்கிட்டயே பேசுங்க."

"பொம்பளகிட்டயா?"

"சந்தைக்கு ஒரு பொம்பள மாடு புடிச்சிக்கினு வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"அவ புருசன் வருவான்."

"புருசனுக்கு எண்ணத் தெரியலன்னா?"

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். காம்பு கிள்ளுகிற பெண்ணைப் பார்த்து, "நீ அந்தப் பக்கம் திரும்பு" என்றார். திரும்பினாள், பிறகு பாதி இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, எண்ணெயும் தடவிக்கொண்டு வந்தேன். மிளகாய்க் கை யாரையும் சும்மா விடாது. துண்டு விழுந்தது.

காய்ந்த, சொரசொரப்பான கை. அது என் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடிக்க வந்தது. ஆனால் மூன்றைத்தான் பிடித்தது. என் மோதிர விரலும் சுண்டு விரலும் வெளியே நின்றுவிட்டன. சரி, மூன்றுதான் சொல்கிறார் என்று நினைத்து என் மனசு குளிர்ந்துபோனது. அதே நேரம் அவருடைய கடைசி இரண்டு விரல்கள் என் புறங்கையில் வந்து படிந்தன. அவை அழுத்தவில்லை, மடங்கவும் இல்லை. சும்மா கிடந்தன.

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடை இறுகியிருந்தது. ஐந்தையும் பிடித்துவிட்டதாக நினைக்கிற முகம் இல்லை அது. பிடித்தேனா, இல்லையா என்று தனக்கே தெரியாமல், எதிராளி கண்டுபிடித்துவிடுவானோ என்று நிற்கிற முகம்.

முழங்கால் வலி என்று சொல்லித்தான் அவர் சந்தைக்குப் போவதை நிறுத்தியிருந்தார். இப்போதுதான் என் கண்முன்னால் அந்த முழங்காலோடு ஏணியில் விறுவிறுவென்று ஏறி இறங்கியவர். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் கணவர் சரியாகத்தான் எண்ணியிருந்தார். இவரும் பொய் சொல்லவில்லை.

எனக்குக் கோபம் மட்டும்தான் சட்டென்று வரும் என்று ஊரில் பேச்சு. அன்றைக்கு வந்தது வேறு. ஒரு வார்த்தை சத்தமாகச் சொன்னால் போதும், பேரம் என் பக்கம் சாய்ந்துவிடும். மூன்றாயிரத்துக்கே முடித்துவிடலாம். கணவர் மானமும் திரும்பி வரும். காம்பு கிள்ளுகிற பெண் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

நான் என் இடது கையையும் துண்டுக்குள் விட்டேன். அவருடைய அந்த இரண்டு விரல்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, என் மோதிர விரலைச் சுற்றியும் சுண்டு விரலைச் சுற்றியும் மடக்கி, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டேன். இப்போது ஐந்து.

அவர் மறுபடி விட்டுப் பிடித்து இன்னொரு ஐந்து கேட்பார், அதற்குப் பின் இன்னொன்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கை அங்கேயே இருந்தது.

"ரெண்டு வருசமாச்சிம்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "ஒரு நாளு காலையில எழுந்தேன், இப்டி இருந்துச்சி. யாருக்கும் தெரியாது."

"எனக்கும் தெரியாது நைனா" என்றேன்.

ஐந்தோடு முடிந்தது. கையைத் தட்டினோம். பதினேழாயிரம். ஓட்டையையும் ஷட்டரையும் அவர் செலவிலேயே சரி செய்து தருகிறேன் என்றார், அதை வாயாலேயே சொன்னார். போகும்போது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே போனார். காம்பு கிள்ளுகிற பெண் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நைனாவுக்கே மொளகா நெடி ஏறிடுச்சிபோல" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்த கணவரிடம் ஐந்து என்று சொன்னேன். அவர் பையைக்கூட இறக்கி வைக்காமல் சிரித்தார். "நான் மூணுக்கு முடிச்சத நீ அஞ்சுக்கு முடிச்சிட்டு வந்திருக்க. மேல ரெண்டாயிரம். என்னைக் கத்திரிக்காய் வாங்கினதுக்கு எவ்ளோ பேசின?" மறுநாள் ஸ்டாஃப் ரூம் முழுக்க இதுதான் பேச்சு. பஜாரில் அவருடைய சிநேகிதர்கள் என்னைப் பார்த்தால், "எங்க வீட்டுக்கு ஒரு மாடு வாங்கணும், நீங்க வந்து வெல பேசி ஏத்திக் குடுங்க" என்பார்கள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். இப்போதும், கணவர் கணக்குப் புத்தகத்தைத் தவிர வேறு எதையும் படிப்பதில்லை, பெரியவர் எதையுமே படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கிண்டலை வாங்கிக்கொள்வது கஷ்டமாக இல்லை. கஷ்டம் வேறொரு நாள் வந்தது. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். கிண்டல் இல்லை, சிரிப்பு இல்லை.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையச் சொல்லு. பெரியவரு பொய் சொல்ற ஆளு இல்ல. அப்போ அன்னைக்கு நான் நெசமாவே தப்பா எண்ணிட்டேனா?"

அவர் சரியாக எண்ணினார் என்று தெரிந்த ஆள் பெரியவரை விட்டால் இந்த உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

"ஆமாங்க" என்றேன். "நீங்கதான் தப்பா எண்ணிட்டீங்க."

அவர் தன் வலது கையை விரித்து வைத்துக்கொண்டு, இடது கையால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் மெதுவாக எண்ணிப் பார்த்தார்.